டிஆர்ஐஆர்சி: ஈடிசியில் எழுதுவதா, வீட்டு அடைவில் எழுதுவதா?

ஒரு விளையாட்டின் வேகத்தை அளப்பதற்காக லினக்ஸில் எல்லாப் பயனர்களுக்கும் பொதுவான அமைப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில், வரைகலை அமைப்புக் கோப்பான டிஆர்ஐஆர்சியில் "விபிளாங்க்_மோட்" மதிப்பை 0 என்று மாற்றினேன். திரையின் புதுப்பிப்போடு படத்தை ஒத்திசைக்காமல் விடச் சொல்லும் மதிப்பு அது. மாற்றியதை மறந்தும் போனேன். அதே கணினியில் தன் கணக்கைத் திறந்த தங்கை, "அண்ணா, படம் நடுவில் வெட்டுப்படுகிறது" என்றாள். கேபிளை மாற்றினேன். புதுத் திரைக்கு விலைகூட விசாரித்தேன். மூன்று வாரம் கழித்துத்தான் அந்த ஒற்றை வரி கண்ணில் பட்டது.

லினக்ஸில் ஏஎம்டி, இன்டெல் வரைகலை அட்டைகளை இயக்கும் திறந்த மூல டிரைவர் தொகுப்பான மேசா, இந்த அமைப்புகளை மூன்று இடங்களில் தேடுகிறது. முதலில் யூஎஸ்ஆர்/ஷேர் அடைவுக்குள் டிஆர்ஐஆர்சி.டி, அடுத்து ஈடிசி, கடைசியாகப் பயனரின் வீட்டு அடைவில் புள்ளியில் தொடங்கும் டிஆர்ஐஆர்சி. பின்னால் படிக்கப்படுவதே செல்லும். ஆகவே ஈடிசியில் எழுதுவது ஆணையன்று, பரிந்துரைதான். எந்தப் பயனரும் தன் கோப்பில் அதை மாற்றிக்கொள்ளலாம். பொதுக் கணினிக் கூடத்தை நிர்வகிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் இடத்தைத் தொடவே கூடாது. அது மேசா தொகுப்புடன் வருவது. அடுத்த புதுப்பிப்பில் உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

மீதி இரண்டில் என் ஓட்டு வீட்டு அடைவுக்கு. ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் வேண்டாம், தவறினால் பாதிப்பு ஒருவரோடு நிற்கும், கோப்பை அழித்தால் பழைய நிலை திரும்பும். எல்லாக் கணக்குகளிலும் ஒரே செயலி ஒரே மாதிரி தடுமாறினால் மட்டும் ஈடிசி. அப்போதும் செயலியின் இயங்குகோப்புப் பெயரைக் குறித்து, அதற்குள் மட்டும் அமைப்பை எழுதுங்கள். நான் அதைச் செய்யாததால்தான் தங்கையின் படம் வெட்டுப்பட்டது. கோப்பில் டிரைவர் பெயரைக் குறிப்பிடும்போதும் கவனம் தேவை: பெயர் பொருந்தாவிட்டால் மேசா எந்தப் புகாரும் சொல்லாமல் அந்தப் பகுதியைத் தாண்டிவிடும். இந்தக் கோப்பின் வடிவமான எக்ஸ்எம்எல்லைக் கையால் எழுதச் சலிப்பவர்களுக்கு ஏட்ரிகான்ஃப் என்ற வரைகலைக் கருவி உண்டு. அது எழுதுவதும் வீட்டுக் கோப்பில்தான்.

சோதனைக்கு இரண்டுமே வேண்டாம், கட்டளையோடு தற்காலிகமாகத் தரும் மதிப்பான சூழல் மாறி போதும். முனையத்தில் விபிளாங்க்_மோட்=0 என்று முன்னால் சேர்த்து ஜிஎல்எக்ஸ்கியர்ஸ் என்ற சிறு சோதனைச் செயலியை ஓட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் நொடிக்கு 60 படச்சட்டங்களைச் (ஃபிரேம்) சுற்றி நின்ற எண் ஆயிரக்கணக்கில் தாவும். இயல்பு மதிப்பைச் சூழல் மாறி மீறிவிட்டது என்று மேசாவே ஒரு எச்சரிக்கை வரியும் அச்சிடும். கோப்புகள் எல்லாவற்றையும் வெல்வது இந்த மாறி. முனையத்தை மூடினால் தடயம் இல்லை. அன்று இதைச் செய்திருந்தால் கேபிள் செலவு மிச்சம்.

என்விடியாவின் மூடிய டிரைவரில் கதை வேறு. வீட்டு அடைவில் உள்ள அதன் அமைப்புக் கோப்பான என்விடியா-செட்டிங்ஸ்-ஆர்சி தானாக எதுவும் செய்யாது. நுழைவின்போது யாராவது அதை ஏற்றும் கட்டளையை ஓட்ட வேண்டும். அந்தக் கட்டளையை மறந்துவிட்டு, கோப்பு சரியாக இருந்தும் வேலை செய்யவில்லையே என்று திகைப்பவர்கள் பலர். அதே டிரைவரின் செயலிச் சுயவிவரங்களோ ஜேசன் வடிவில் எழுதப்படுபவை. வீட்டு அடைவிலும் ஈடிசியிலும் வைக்கலாம். டிரைவர் நேராகவே படித்துக்கொள்ளும். இந்த விஷயத்தில் மேசாவின் ஒழுங்கு எனக்குப் பிடிக்கிறது: ஒரே வடிவம், ஒரே வரிசை.

எக்ஸ்ஆர்க்.கான்ஃப் கோப்பை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது, திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சேவையகம் தொடங்கும்போது படிக்கும் கோப்பு. எக்ஸுக்கு மாற்றான வேலாண்ட் மேசைக்கு மாறியவர்கள், படம் வெட்டுப்படாமலிருக்க அதில் எழுதிவைத்த 'டியர்ஃப்ரீ' வரி இப்போது சும்மா கிடக்கிறது.

தனி உறைக்குள் ஓடும் பிளாட்பேக் செயலிகளிடம் ஈடிசிக் கோப்பு செல்லுபடியாகாது. அவை தமக்கென்று வேறொரு யூஎஸ்ஆரையும் மேசாவையும் வைத்துக்கொண்டு ஓடுபவை. வீட்டுக் கோப்பையும் அனுமதி தந்தால்தான் பார்க்கும். அவற்றுக்கு மட்டும் பிளாட்பேக்கின் ஓவர்ரைடு (override) கட்டளையில் சூழல் மாறியைப் பதிந்துவைக்கிறேன்.