2,340 டாலர் போச்சு: பழைய வரைபடம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு, நான் வரைபடம் வாங்கிய ஏலத் தளத்திலிருந்து கடைசி மெயில் வந்தது. "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." அவ்வளவுதான். அதற்குக் கீழேயே எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு கேள்வி. 2,340 டாலரை வாங்கிப் போட்டுக்கொண்டு நட்சத்திரம் வேறு கேட்கிறார்கள். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். முன்னேபின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்க நினைத்தது சார்லஸ் ப்ராய்ஸ் வரைந்த ஒரிகன் தடத்தின் வரைபடம். அமெரிக்காவின் மேற்கே குடியேறப் போனவர்கள் மாட்டு வண்டியில் போன வழி அது. 1846இல் அமெரிக்க செனட் உத்தரவின்படி பால்டிமோரில் கல்லச்சில் அடித்தது, மொத்தம் ஏழு தாள். ராணுவ அதிகாரி ஜான் ஃப்ரீமான்ட் வழி ஆராய்வதற்காக 1842இலும் 1843-44இலும் மேற்கே போன பயணங்களில் கூடவே போய் அளந்தவர் இந்த ப்ராய்ஸ். அங்குலத்துக்குப் பத்து மைல் கணக்கு. புல் எங்கே கிடைக்கும், விறகு எங்கே கிடைக்காது, தண்ணீர் எப்படி என்றெல்லாம் தாளின் ஓரத்திலேயே குறிப்பு இருக்கும். குடும்பத்தையும் மாட்டையும் ஓட்டிக்கொண்டு இரண்டாயிரம் மைல் போகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? பாவ்னி, லகோட்டா, ஷோஷோனி மக்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த நிலம் அது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வழியை இத்தனை விவரமாகக் காகிதத்தில் கொடுத்தது இந்த ஏழு தாள்தான்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்பீர்கள். நான் இருப்பது கேன்சஸ் சிட்டி. வெஸ்ட்போர்ட் என்பது இன்று இங்கே சாப்பாட்டுக் கடைகள் நிறைந்த ஒரு பேட்டை. 1840களில் மேற்கே போகிற வண்டிகள் மாவும் பன்றிக் கொழுப்பும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய இடம் அது. ப்ராய்ஸ் வரைபடத்தில் மைல் கணக்கு தொடங்குவதே வெஸ்ட்போர்ட் படகுத் துறையிலிருந்துதான். நான் தினமும் வேலைக்குப் போகிற ஊரில்தான் அந்தப் பூஜ்யம் இருக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு இரண்டு கோடை விடுமுறையில் அந்த வழியைக் காரிலேயே தொடர்ந்து போயிருக்கிறோம். வயோமிங்கில் குர்ன்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் மணற்பாறையை வண்டிச் சக்கரங்கள் அறுத்த தடம் இருக்கிறது. என் மகள் அதற்குள் இறங்கி நின்றாள், பாறை அவள் தோளுக்கு வந்தது. அன்றைக்கு முடிவு பண்ணியதுதான், ப்ராய்ஸின் தாள்களை வீட்டில் மாட்ட வேண்டும் என்று. மூன்று வருஷம் பணம் சேர்த்தேன்.

பழம்பொருள் விற்கும் ஓர் ஏலத் தளத்தில் ஏழு தாளும் சேர்ந்து விற்பனைக்கு வந்தது. தளத்தின் பெயரைச் சொல்லவில்லை, பெரிய தளம்தான். உடனே வாங்கினால் 2,340 டாலர். வாங்குவதற்கு முன்னால் விற்பவருக்கு நான்கு கேள்வி அனுப்பினேன். கேட்காமல் வாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மணி நேரத்தில் நீளமாகப் பதில் வந்தது. ப்ராய்ஸ் ஜெர்மன்காரர், காட்டு வாழ்க்கை பிடிக்காமல் வழி முழுக்க நாட்குறிப்பில் ஃப்ரீமான்ட்டைத் திட்டி எழுதிக்கொண்டே போனார் என்றெல்லாம் எழுதியிருந்தார். அது உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். அப்புறம் ஒரு புகைப்படம். வழியில் அடையாளமாக நிற்கும் சிம்னி ராக் என்ற பாறை வருகிற தாளின் ஓரத்தில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. "எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அப்பா காபிக் குவளையை வைத்த இடம் என்று வீட்டில் சொல்வார்கள். அதை மட்டும் யாரும் துடைத்துவிடாதீர்கள்" என்று எழுதியிருந்தார்.

அங்கேதான் விழுந்தேன். அந்தக் கறையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிளாட் ஆற்றங்கரையில் சாணி வறட்டியில் காபி போட்ட ஒருவர் குவளையை இந்தத் தாள்மேல் வைத்திருக்கிறார் என்று மனசு எங்கேயோ போய்விட்டது. மனைவி, "காகிதத்தை முதலில் நேரில் பார்க்க முடியுமான்னு கேளுங்க" என்றாள். கேட்டேன். ஆள் இருப்பது வேறு மாநிலம், இன்னும் இரண்டு பேர் காத்திருக்கிறார்கள் என்றார். அன்று இரவே 2,340 டாலர் கட்டிவிட்டேன்.

தாள்கள் உருளையில் வந்தன. கூடவே பொன்னிற ஓரம் போட்ட ஒரு சான்றிதழ். கையெழுத்து யாருடையது? விற்றவருடையதேதான்! அப்போது அது உறைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஃபிரேம் போடுகிற கடையில் கொடுத்தேன். ஐந்து நாள் கழித்து அந்தக் கடைக்கார அம்மா போன் செய்து, "ஃபிரேம் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் வாருங்கள்" என்றார்.

போனேன். கையில் ஒரு சின்ன லென்ஸைக் கொடுத்து, கறைமேல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கறையே இல்லை. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பொடிப் புள்ளிகள், தேன்கூடு மாதிரி வரிசையாக. காபிக் கறை அச்சடிக்கப்பட்டிருந்தது. மடிப்புக் கோடும் அச்சு, விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது. கல்லச்சுக் கோடு என்றால் ஒரே கறுப்பு மையாக நிற்க வேண்டும், இங்கே கோடும் புள்ளிப் புள்ளியாக உடைந்திருந்தது. கடைசியாக விளக்கை அணைத்துவிட்டு ஒரு புற ஊதா விளக்கைக் காட்டினார். ஏழு தாளும் துவைத்த வெள்ளைச் சட்டை மாதிரி நீலமாக ஒளிர்ந்தன. 1846 காகிதம் அப்படி ஒளிராது. இந்த வரைபடத்தை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கி அடிக்கலாம். அந்த அம்மா எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இனி நடந்ததைக் கேளுங்கள். தளத்துக்கு எழுதினால், "முதலில் விற்பவரைத் தொடர்புகொள்ளுங்கள்." விற்பவருக்கு எழுதினால், "நான் நிபுணர் இல்லை, தாத்தா பெட்டியில் இருந்ததை விற்றேன்." நாட்குறிப்பு பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய அதே ஆள்! திரும்பத் தளத்துக்குப் போனால், திருப்பி அனுப்ப 14 நாள்தான் கெடு, உங்களுக்கு 17 ஆகிவிட்டது என்றார்கள். போலிக்குமா கெடு என்று கேட்டேன். நிபுணர் கருத்து எழுத்தில் வேண்டும் என்றார்கள். 150 டாலர் கொடுத்து வாங்கி அனுப்பினேன். பதினோரு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது இது: "பட்டியலில் 'ப்ராய்ஸ் வரைபடம், 1846' என்றுதான் இருக்கிறது. 1846இல் அச்சடித்தது என்று விற்பவர் எங்கும் சொல்லவில்லை." போய்ப் பார்த்தேன். உண்மை. எங்குமே இல்லை. 2,340 டாலரும் அந்த ஒரு சொல் இல்லாத இடத்தில் போயிருக்கிறது.

மற்றவர்களாவது தப்பிக்கட்டும் என்று அந்த விற்பனையாளர் பக்கத்தில் விமர்சனம் எழுதினேன். மறுநாள் தூக்கிவிட்டார்கள், "குற்றச்சாட்டு அடங்கியிருப்பதால்." அதைப் படித்தபோது எனக்கு எட்வின் பிரையன்ட்தான் நினைவுக்கு வந்தார். அதே 1846. லேன்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் கலிபோர்னியாவுக்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது என்று ஆசை காட்டிக்கொண்டிருந்தார். கோவேறு கழுதையில் முன்னால் போன பிரையன்ட், வண்டியும் குழந்தைகளுமாக வருகிறவர்கள் அந்த வழியில் வர வேண்டாம், பழைய பாதையிலேயே போங்கள் என்று வழியில் இருந்த ஃபோர்ட் பிரிட்ஜர் கோட்டையில் கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். பின்னால் குடும்பம் குடும்பமாக வந்த டானர் குழுவின் கைக்கு அது கிடைக்கவில்லை, அவர்கள் சுருக்கு வழியிலேயே போனார்கள். சுருக்கு வழியில் ஆட்கள் போனால் அந்தக் கோட்டைக் கடைக்கு வியாபாரம் உண்டு. கடைக்காரர்கள் கடிதத்தை மறைத்துவிட்டார்கள் என்று அந்தக் குழுவில் இருந்த ஜேம்ஸ் ரீட் பிற்பாடு குற்றம் சாட்டினார். அந்தக் கடைக்காரர்கள் நேர்மையானவர்கள் என்று ஜூலை 31 அன்று அங்கே உட்கார்ந்து கடிதம் எழுதியவரும் இதே ரீட்தான். குழுவில் இருந்த 87 பேரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் செத்துப்போனார்கள். என் நஷ்டம் பணம் மட்டும்தான், அந்தச் சாவுகளோடு இதை வைத்துப் பேசவில்லை. ஆனால் எச்சரிக்கைக் கடிதத்தை ஒளித்துவைக்கிறவனுக்கு அதில் லாபம் இருக்கிறது, அன்றைக்கும் இருந்தது.

இன்று காலை பார்த்தால் அதே ஏழு தாள், அதே காபிக் கறையோடு மறுபடியும் விற்பனைக்கு ஏறியிருக்கிறது. விலை 2,100.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன். நேரமில்லை, பணத்தைத் திரும்பக் கேட்டு கார்டு கம்பெனிக்கு இன்று மாலைக்குள் படங்களை அனுப்ப வேண்டும். அதனால் சுருக்கமாக. "1846இல் அச்சடித்த மூலப் பிரதி" என்று விற்பவரை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், மழுப்பினால் விட்டுவிடுங்கள். பத்து டாலர் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், உருளை வந்த அன்றே பிரித்துப் பாருங்கள், புள்ளி தெரிந்தால் அன்றே திருப்பி அனுப்புங்கள். விற்பவரே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் எதற்கும் ஆகாது. கார்டில் மட்டும் பணம் கட்டுங்கள். வட்டமான காபிக் கறையோடு சிம்னி ராக் தாளை எங்கே பார்த்தாலும் தொடாதீர்கள்.