மார்கழி ராத்திரியில் தேள் கொடுக்கா? வானப் படம் எடுக்கக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்

மன்னார்குடிப் பக்கம் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை இந்தத் தையில் இடித்துவிட்டோம். அதற்கு முன்பு, மார்கழியில், வீட்டுக்கு மேலே நட்சத்திரங்களோடு ஒரு படம் எடுத்து வைக்க ஆசைப்பட்டேன். அப்பாவுக்குத் திருவாதிரை, மார்கழி நடுராத்திரியில் அது கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஒரு போட்டோகிராபரைப் பிடித்தேன். படத்துக்கு 8,500 ரூபாய், இரண்டு ராத்திரி பனியில் உட்கார 3,000 தனி. நான் சென்னையில். பணத்தைப் போட்டுவிட்டேன்.

கேன்வாஸ் பிரின்ட் வந்தது. கூரைக்குப் பின்னால் பால்வீதி புகை மாதிரி எழுந்து நின்றது. சொக்கிப்போனேன். பெரியப்பாதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போனார். வருஷக்கணக்கில் ராத்திரி வயலுக்குத் தண்ணீர் வைத்தவர்.

"இது தேள் கொடுக்கு இல்ல? கேட்டை, மூலம். மார்கழியில சூரியனே தனுசுல உக்காந்திருக்கான், மூலம் எப்படிடா ராத்திரி தெரியும்?"

பால்வீதியின் மையம் இருப்பதும் அந்தப் பக்கம்தான். மார்கழியில் அது சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைந்துவிடும். போதாக்குறைக்கு எங்களுடையது தெற்குப் பார்த்த வீடு. வாசலில் நின்று எடுத்தால் கேமரா வடக்கைப் பார்க்கும். விருச்சிகம் நம் ஊரில் வடக்குப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

அப்புறம் நானும் பெரிதாக்கிப் பார்த்தேன். தென்னங்கீற்றுகளின் இடுக்குகளில் ஒரு நட்சத்திரம் இல்லை, வெறும் சாம்பல் நிற அந்தி வானம். மட்டையின் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு, வானத்தை வெட்டி ஒட்டிய தடம். சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால், "அந்தத் தம்பி ஒரே நாள்தான் வந்துச்சு, ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிடுச்சே" என்கிறார்.

ஒட்டுப்படம் தப்பு என்று சொல்லவில்லை. வைடு லென்ஸில் 20, 25 விநாடிக்கு மேல் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுக்கும். அதற்குள் இருட்டில் வீடு சரியாகப் பதியாது. அதனால் டிரைபாடை அசைக்காமல் அந்தியில் வீட்டையும் இருட்டியபின் வானத்தையும் எடுத்துச் சேர்ப்பார்கள். அதற்குத்தான் ராத்திரிக் கூலி கொடுத்தேன். இவர் எங்கேயோ எப்போதோ எடுத்த வானத்தை ஒட்டியிருக்கிறார். 2020-லிருந்து போட்டோஷாப்பிலேயே வானத்தை மாற்ற வசதி இருக்கிறது. பனியில் யார் உட்காரப் போகிறார்கள்?

நீங்கள் யாரிடமாவது கொடுத்தால், மீதிப் பணத்துக்கு முன் தரைக்கும் வானத்துக்கும் தனித்தனி ரா ஃபைல் (கேமரா பதிந்த, திருத்தாத மூலக் கோப்பு) கேளுங்கள். நான் கேட்டபோது ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றார். பால்வீதி மையம்தான் வேண்டுமென்றால் பங்குனியிலிருந்து ஆவணிக்குள், அமாவாசையை ஒட்டித் தேதி வாங்குங்கள். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபட ஆப்பில் ஊரையும் தேதியையும் போட்டால் எந்தத் திசையில் எது நிற்கும் என்று காட்டிவிடும், பெரியப்பா இல்லாத வீட்டுக்கு அது உதவும்.

நாலு முறை போன் செய்தபின் 3,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதியைக் கேட்டால், "சார், வேணும்னா திருவாதிரை இருக்கிற வானமா ஒண்ணு மாத்தி வச்சுத் தரேன்" என்கிறார்.