மூண்டு இரத்தக் காட்டேறி, ஒரே அட்டை, 1,800 ரூபா

போன மாதம் ஒரு பழைய புத்தகக் கடையிலை வாங்கினது. பொலிடோரியின்ரை ‘வாம்பயர்’ (1819), லெ ஃபானுவின்ரை ‘கார்மில்லா’ (1872), பிராம் ஸ்டோக்கரின்ரை ‘டிராகுலா’ (1897), மூண்டு காட்டேறிக் கதையும் ஒரே புத்தகமாய்க் கட்டினது. இங்கிலிஸ்தான். எழுத்து எறும்பு ஊர்ந்தமாதிரி, கண்ணாடி இல்லாமல் முடியாது.

நான் இரத்த வங்கியிலை 27 வருசம் வேலை செய்து பென்சன் எடுத்தவன். எனக்கு டிராகுலாவைவிட அந்தக் கதையிலை வாற வைத்தியர் வான் ஹெல்சிங்கிலைதான் பயம். லூசி எண்ட பிள்ளைக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்குள்ளை நாலு ஆம்பிளையளின்ரை இரத்தத்தை ஏத்துறார். இரத்தக் குறூப் பாக்கேல்லை, ரெண்டு பேரின்ரை இரத்தமும் ஒத்துவருமோ எண்டு பாக்கிற குறொஸ் மாட்ச் இல்லை. பெடியன் இளந்தாரி, நல்ல இரத்தம், அது போதுமாம்! ஸ்டோக்கரிலை பிழை சொல்லேலாது. லாண்ட்ஸ்டைனர் எண்ட விஞ்ஞானி இரத்த வகையளைச் சொன்னதே 1901இலை. எண்டாலும் அந்தப் பக்கங்களிலை என்ரை கை தன்பாட்டிலை குறூப் எழுதின அட்டையைத் தேடிச்சுது.

காசு குடுத்ததுக்குப் பெறுமதி முன்னுரைதான். 1732இலை சேர்பியாவிலை மெட்வெஜா எண்ட ஊரிலை, ஃபிளூக்கிங்கர் எண்ட ஒஸ்திரிய இராணுவ வைத்தியர் புதைகுழியளைத் தோண்டிப் பாத்து அறிக்கை எழுதியிருக்கிறார்: உடம்பு உக்கேல்லை, இரத்தம் உறையேல்லை, தோலும் நகமும் புதிசு. சவச்சாலைப் பக்கம் போய்வந்தவனுக்கு இது புதினமில்லை. வயித்துக்கை காஸ் ஏறப் பிணம் ஊதும், வாயாலை கருஞ்சிவப்பாய்த் தண்ணி வழியும், மேல்தோல் கழண்டால் கீழை புதுத்தோல் மாதிரித் தெரியும். சனம் அதைப் பாத்திட்டு, காட்டேறியெண்டு நம்பி, பிணத்தின்ரை நெஞ்சிலை முளை அடிச்சிருக்கு. கடைசியிலை 1755இலை மகாராணி மரியா தெரேசா தன்ரை வைத்தியர் வான் ஸ்வீட்டனின்ரை சொல்லைக் கேட்டு, இந்தப் பிணம் தோண்டுறதைத் தடை செய்தா.

எங்கடை ஆச்சியும் காட்டேறிக் கதை சொன்னவ. ஆனால் அவவின்ரை காட்டேறிக்குப் பிரேதப்பெட்டி இல்லை. கோம்பயன்மணல் சுடலையிலை எரிச்சு, காடாத்தி, சாம்பலைக் கடலிலை கரைச்சாப்பிறகு எந்த உடம்போடை எழும்பி வாறது? வேதாளம்கூட ஆற்றையோ பிணத்துக்கை வாடகைக்கு இருக்கிறதுதானே.

ஊதிப்போன அந்தக் கிராமத்துப் பிணத்துக்குக் கோட்டுப் போட்டுப் பிரபு ஆக்கினவர் பொலிடோரி, கவிஞர் பைரனின்ரை வைத்தியர். அச்சிலை வரேக்கை பைரனின்ரை பேரைப் போட்டிட்டாங்கள். பாவம் மனுசன். கதை சுமார்தான், ஆனால் டிராகுலாவின்ரை பிரபுப் பவுசு அங்கையிருந்து வந்தது. மூண்டிலையும் எனக்குப் பிடிச்சது கார்மில்லா. பல்லைக் காட்டி வெருட்டிறேல்லை, சிநேகிதி மாதிரி வந்து பக்கத்திலை இருக்கிறாள்.

அதிலைதான் வினை. கார்மில்லாவின்ரை கடைசி 16 பக்கம் இல்லை. கடைக்காரத் தம்பியிட்டைக் கொண்டுபோனன்.

“ஐயா, பேய்க்கதைதானே. முடிவு தெரியாட்டி இன்னும் பயமாய் இருக்கும்.”

முன்னூறு ரூபா திருப்பித் தந்தான். மிச்சத்தைப் பேரன் போனிலை எடுத்துத் தந்தான், சும்மா கிடைக்குதாம். அதாலை என்ரை புள்ளி ஐஞ்சுக்கு மூண்டரை. வாங்கிறவை பக்கத்தை எண்ணிப் பாத்து வாங்குங்கோ.

அட்டையிலை இரத்தம் வழியிற வாய்ப் படம். சாமியறைக்குப் பக்கத்திலை இதை வைக்கேலாதெண்டு மனுசி பழைய பேப்பரிலை உறை போட்டு வைச்சிருக்கிறா. மரண அறிவித்தல் பக்கம்.