முள் சிவப்புக்குப் போனதும் பர்ஸைத் திறந்துவிடாதீர்கள்

பாய்மரப் படகில் இன்ஜின் வேலைக்கு மெக்கானிக்கை மட்டுமே நம்பி இருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள்.

என் படகில் டீசல் இன்ஜின் கொஞ்சம் ஓடியதும் டெம்பரேச்சர் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விடும். ஆனால் எக்ஸாஸ்டில் (புகைக் குழாயில்) இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் வழக்கம்போலக் கொட்டுகிறது, ஆவி இல்லை, அலாரமும் அடிக்கவில்லை, இதையெல்லாம் மெக்கானிக்கிடம் விளக்கமாகச் சொன்னேன். வந்தவர் கையில் மல்டிமீட்டர்கூட இல்லை. பார்த்த மாத்திரத்தில் "மீட்டர் போச்சு சார்" என்றார். புதுசு போட்டார், முள் அப்படியே. அப்புறம் சென்சார் என்றார், அதையும் மாற்றியாயிற்று, அதே கதை. கடைசியில் கடல்நீர் பம்பையும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையும் (இன்ஜின் தண்ணீரைக் கடல்நீரால் குளிர்விக்கும் பாகம்) கழற்றியே ஆக வேண்டும் என்று ஆரம்பித்தபோதுதான் போதும் சாமி என்று அனுப்பி வைத்தேன்.

சரி, நாமே பார்ப்போம் என்று லேசர் தெர்மாமீட்டரைத் தெர்மோஸ்டாட் மூடி பக்கத்தில் காட்டினால் 80 டிகிரிதான். ஆக, சூடு பொய். இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் போட்டு, சென்சார் வயரைக் கழற்றினால் முள் குளிர்ப் பக்கம் விழ வேண்டும், அதே வயரை இன்ஜின் இரும்பில் தொட்டால் சூட்டுப் பக்கம் முழுதாக ஏற வேண்டும் (சூடு ஏற ஏற இந்த சென்சாரின் மின்தடை குறையும், அதனால்தான்). கழற்றியும் இறங்கவில்லை என்றால் வயர் எங்கோ இரும்பில் உரசி எர்த் ஆகிறது (பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்துவிடுகிறது), அல்லது மீட்டரிலேயே கோளாறு. என்னுடையதில் இரண்டும் ஒழுங்காக நடந்தது.

பேனல் விளக்கைப் போட்டதும்தான் குட்டு உடைந்தது. முள் இன்னும் மேலே ஏறியது, பக்கத்தில் வோல்ட் மீட்டர் இறங்கியது. விளக்குக்கும் மீட்டர்களுக்கும் எர்த் வயர் ஒன்றுதான், அது சரியில்லை என்றால் மீட்டர்கள் பொய் சொல்லும். மல்டிமீட்டரின் ஒரு முனையை மீட்டரின் எர்த் திருகிலும் இன்னொன்றை பேட்டரி நெகட்டிவிலும் வைத்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல்! பேனலைத் திருப்பினால், கறுப்பு வயரின் வளைய டெர்மினல் பச்சைப் பச்சையாகப் பூத்திருக்கிறது, லேசாக இழுத்ததும் வயர் கையோடு வந்துவிட்டது, உள்ளே செம்பு கரி மாதிரி. கறுத்த பகுதியை வெட்டி, புது டெர்மினல் போட்டு இறுக்கி, கிரீஸ் தடவினேன். முள் 80இல் போய் நின்றது. ஒரு டெர்மினலும் இரண்டு அங்குல வயரும், அவ்வளவுதான் செலவு.

இன்னொரு கூத்து, அந்த மெக்கானிக் புது சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்றென்று சுற்றி வைத்திருக்கிறார். ஒற்றை முனை (ஒரே ஒரு வயர் மாட்டும்) சென்சாருக்கு எர்த்தே அந்த மரை வழியாகத்தான் கிடைக்கிறது, டேப் அதைத் தடுத்துவிடலாம்.

போன் செய்து கேட்டதற்கு, "பழசை மாற்றினது நல்லதுதானே சார்" என்று பதில். பழைய மீட்டரையும் சென்சாரையும் கேட்டால் குப்பைக்குப் போய்விட்டதாம், பணமும் திரும்பாதாம். உங்கள் படகில் யாராவது பாகம் மாற்ற வந்தால், கழற்றியதை உங்கள் கையில் கொடுத்தால்தான் பணம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எனக்கு வந்த பில்லில் "கூலிங் சிஸ்டம் சோதனை" என்று தனியாக ஒரு வரி வேறு, அதில் ஒரு ஹோஸ் கிளிப்பைக்கூட அவர் தொடவில்லை.