ஜாங்கோ 5 சீரிஸ்: கடை பில்லிங்ல ரொம்ப நாள் ஓட்டிப் பாத்த அனுபவம்

வெப்சைட் கட்டுற பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவோட 4.2-ல இன்னும் உக்காந்திருக்கறவங்க 5.2-க்கு மாறலாமான்னு கேட்டா தயங்காம மாறுங்கன்னுதான் சொல்வேன். 4.2-க்கு சப்போர்ட் 2026 ஏப்ரல் வரைக்கும்தான், 2025 ஏப்ரல்ல வந்த 5.2 எல்டிஎஸ் (ரொம்ப நாள் சப்போர்ட் கிடைக்கற பதிப்பு), அதுக்கு 2028 ஏப்ரல் வரைக்கும் செக்யூரிட்டி ஃபிக்ஸ் வரும். ஆனா எனக்கு இது பிடிச்சதுக்கு காரணம் வேற. பைத்தான் கோட்ல அங்கங்க சிதறிக் கிடந்த கணக்கெல்லாம் டேட்டாபேஸ்க்குள்ளயே போய் உக்கார 5.0 வழி பண்ணிக் குடுத்துச்சு, பில் போடுற சிஸ்டம் வச்சிருக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு பில் போடுறவங்களுக்குத்தான் தெரியும்.

நான் பாத்துக்கறது சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு பலகாரக் கடையோட ஆர்டர் சிஸ்டம். தீபாவளி நேரத்துல ஆஃபீஸ்களுக்கு மொத்தமா முறுக்கு, அதிரசம் போகும், இன்வாய்ஸ்ல ஜிஎஸ்டி தனியா காட்டணும். பின்னாடி இருக்கற டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ்.

5.0 வந்தது 2023 டிசம்பர்ல. அடுத்த மாசமே, 2024 ஜனவரி 1-ம் தேதி, இங்க ஜிஎஸ்டி 8-லேர்ந்து 9 சதவீதம் ஆச்சு, அதுக்கு முந்தின வருஷம்தான் 7-லேர்ந்து 8 ஆகியிருந்துச்சு. அதனால 5.0-ல புதுசா வந்த ஜெனரேட்டட் ஃபீல்டைப் (மத்த ஃபீல்டுகளை வச்சு டேட்டாபேஸே கணக்குப் போட்டு வைக்கறது) பாத்ததும் முதல்ல தோணுன கேள்வியே ரேட் மாறினா என்ன ஆகும்னுதான். ஃபார்முலாக்குள்ள 0.09-ன்னு நேரா எழுதிட்டா நாளைக்கு அதை மாத்த ஜாங்கோ விடாது, அந்த ஃபீல்டை தூக்கிட்டு புதுசா சேக்கணும், அப்படி சேக்கும்போது பழைய வருஷத்து வரிசை எல்லாத்துக்கும் புது ரேட்ல கணக்கு திரும்ப ஓடும், குடுத்து முடிச்ச இன்வாய்ஸ்ல இருக்கற தொகை மாறிடும். அது எவ்வளவு ஆபத்துன்னு சொல்லத் தேவையில்ல. அதனால ரேட்டுக்குன்னு டேபிள்ல தனி காலம் (column) வச்சு அதுக்கு டிபி டிஃபால்ட் (எதுவும் குடுக்கலன்னா டேட்டாபேஸே போட்டுக்கற மதிப்பு) 9 குடுத்துட்டேன், வரி காலம் மட்டும் தொகையையும் ரேட்டையும் வச்சு தானா கணக்குப் போட்டுக்கும். நாளைக்கு ரேட் மாறினா ஒரு சின்ன மைக்ரேஷன் (டேபிள் அமைப்பை மாத்துற ஜாங்கோ ஃபைல்) போதும், புது ஆர்டருக்கு மட்டும் புது ரேட், பழசு அப்படியே நிக்கும். இதுல இன்னொரு வசதி, எக்ஸெல்லேர்ந்து நேரா எஸ்க்யூஎல்ல ஏத்துற ஆர்டருக்கும் ரேட் விழுந்துடும், ஏன்னா டிஃபால்ட் இருக்கறது டேட்டாபேஸ்ல.

ரவுண்டிங்ல ஒரு விஷயம் கண்டிப்பா பாத்துக்கங்க. 4.50 வெள்ளிக்கு 9 சதவீதம்னா 0.405. பைத்தான்ல டெசிமலை ரவுண்ட் பண்ணா 40 காசு, போஸ்ட்கிரெஸ்ல 41 காசு. பாதியில நிக்கறதை பைத்தான் இரட்டைப்படை பக்கம் தள்ளும், போஸ்ட்கிரெஸ் மேல தள்ளும். கணக்கை இடம் மாத்தும்போது பழைய பில்லும் புது பில்லும் ஒத்துப் போகுதான்னு இந்த மாதிரி தொகைகளை வச்சு டெஸ்ட் எழுதிடுங்க. அப்புறம் போஸ்ட்கிரெஸ்ல ஒரு ஜெனரேட்டட் காலம் இன்னொரு ஜெனரேட்டட் காலத்தை கூப்பிட முடியாது, அதனால மொத்தத் தொகைக்கு வரி ஃபார்முலாவை திரும்ப எழுதித்தான் ஆகணும். 5.2-ல ஏற்கெனவே இருக்கற ஆர்டரை மாத்தி சேவ் பண்ணா புதுசா கணக்கான வரித் தொகை பைத்தான் பக்கம் கைக்கு வராது, டேட்டாபேஸ்லேர்ந்து ரிஃப்ரெஷ் பண்ணணும். 2025 டிசம்பர்ல வந்த 6.0-ல இது சரியாயிடுச்சு, ஆனா அதுக்கு பைத்தான் 3.12 வேணும்.

அப்கிரேட்ல உடையற இடம்னு பாத்தா லாக்அவுட். சாதா லிங்க் வச்சு லாக்அவுட் பண்றது 5.0-லேர்ந்து கிடையாது, போஸ்ட் (POST) முறையில அனுப்புற ஃபார்ம் வேணும், டெம்ப்ளேட் எல்லாத்துலயும் தேடி மாத்துங்க. பைடிஇசட்ங்கற (pytz) பழைய டைம்ஸோன் லைப்ரரிக்கு இருந்த சப்போர்ட்டும் போச்சு, போனதுல எனக்கு சந்தோஷம்தான். ஏஷியா/சிங்கப்பூர் டைம்ஸோனை நேரா டேட்டைம்ல சொருகினா அந்த லைப்ரரி ப்ளஸ் 8-க்கு பதிலா 6:55-ன்னு நூறு வருஷத்துக்கு முந்தின நேரத்தைக் காட்டும், பைத்தானோடவே வர்ற ஸோன்இன்ஃபோல அந்தத் தொல்லையே இல்ல.

5.1-ல வந்த லாகின் ரெக்வையர்ட் மிடில்வேர் (ஒவ்வொரு பக்கத்துக்கும் முன்னாடி லாகின் ஆச்சான்னு பாக்கறது) எனக்கு ரொம்ப முக்கியம். எல்லா பக்கமும் பூட்டியே இருக்கும், திறக்க வேண்டியதை மட்டும் நாம திறந்து விடணும். கஸ்டமர் ஃபோன் நம்பரும் அட்ரஸும் இருக்கற சிஸ்டத்துல இதுதான் நியாயமான முறை. போடுறதுக்கு முன்னாடி பேநவ்ல (சிங்கப்பூர் பேங்க் பணப் பரிமாற்றம்) பணம் வந்துச்சான்னு வெளியிலேர்ந்து தானா வந்து சொல்ற வெப்ஹூக், சர்வர் உயிரோட இருக்கான்னு லோட் பேலன்ஸர் பாக்கற ஹெல்த் செக், இந்த ரெண்டுக்கும் விலக்கு குடுத்துடுங்க, இல்லன்னா லாகின் பக்கத்துக்கு திருப்பி விட்டுடும். அதே 5.1-ல வந்த க்வெரிஸ்ட்ரிங் டேக் சின்னதுதான், ஆனா அடுத்த பக்கம் போகும்போது ஃபில்டர் காணாம போற பிரச்சினைக்கு இனிமே தனியா கோட் எழுத வேணாம். டேட்டாபேஸ் இணைப்புகளை திறந்து வச்சு பகிர்ந்துக்கற கனெக்ஷன் பூல் வேணும்னா போஸ்ட்கிரெஸ் டிரைவர் சைக்காப்ஜி 3 கட்டாயம், பழைய கான் மேக்ஸ் ஏஜ் (CONN_MAX_AGE) செட்டிங்கையும் எடுத்துடணும்.

கடையில எல்லாருக்கும் பிடிச்சது ஜாங்கோவே தர்ற நிர்வாகப் பக்கமான அட்மின்ல வந்த ஃபேசட் எண்ணிக்கை. தெம்பனிஸ், ஈசூன், ஜூரோங்னு ஏரியாவுக்கு எத்தனை ஆர்டர்னு ஃபில்டர் பக்கத்துலயே தெரியுது. டெலிவரி பாத்துக்கற அக்கா "தம்பி, இந்த நம்பர் எப்பவும் தெரியற மாதிரி வச்சிருப்பா, வேன் பிரிக்க லேசா இருக்கு"ன்னு சொன்னாங்க, அதுக்கு ஒரே வரி செட்டிங்தான். ஃபில்டர் கூடக்கூட க்வெரியும் கூடும், பெரிய டேபிள்ல யோசிச்சு போடுங்க.

5.2-ல பெருசா பேசப்பட்டது காம்போசிட் பிரைமரி கீ, அதாவது ரெண்டு மூணு காலத்தை சேத்து ஒரு வரிசைக்கு அடையாளமா வைக்கறது. அதை நான் இன்னும் எடுக்கல. அந்த மாடலை அட்மின்ல ரெஜிஸ்டர் பண்ண முடியாது, வேற டேபிள்லேர்ந்து அதைக் காட்டுற ஃபாரின் கீயும் (இன்னொரு டேபிளோட இணைப்பு) வைக்க முடியாது. எங்க கடை முழுக்க அட்மின்லதான் ஓடுது, அதுனால அட்மின் சப்போர்ட் வர்ற வரைக்கும் ஆர்டர் லைனுக்கு பழைய ஐடி காலமும் ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்டும் (ஒரே ஜோடி ரெண்டு தடவை வராம தடுக்கறது) போதும்.