மாமா கொடுத்த மோர்ஸ் கீ: 27 வருஷம் தட்டின அனுபவம்

இந்த கீய பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டே இருந்தேன். பித்தளையில செஞ்ச சாதா ஸ்ட்ரெய்ட் கீ (மேலேருந்து கீழ அமுக்கி மோர்ஸ் தட்டற சுவிட்ச்), கனமான மரப்பலகை மேல ஸ்குரூ போட்டு நிக்குது. ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வந்த அன்னிக்கு அம்மாவோட தம்பி, என் சின்ன மாமா, தன்னோட மேஜையில இருந்து கழட்டி என் கையில கொடுத்தது. அதுக்கப்புறம் ரிக், அதாவது ரேடியோ செட், மூணு மாத்திட்டேன், கீ மட்டும் மாறல.

ஆரம்பிச்சு வெச்சதே மாமாதான். ஒன்பது வயசுல அவர் ரூம்ல ஹெட்ஃபோன பிரிச்சு ஒரு பக்கத்த என் காதுல வெப்பார், இன்னொரு பக்கம் அவருக்கு. இரைச்சலுக்கு நடுவுல டா-டி-டா-டிட், டா-டா-டி-டான்னு வரும் (டிட் குட்டி சத்தம், டா நீள சத்தம்), அவர் பென்சில்ல சி, க்யூன்னு எழுதுவார். "யாராவது இருக்கீங்களான்னு கூப்பிடறாங்கடா"ன்னார் பாருங்க, அன்னிக்கு புடிச்சது. புள்ளி, கோடுன்னு மனப்பாடம் பண்ண விடவே மாட்டார், சத்தமாத்தான் மனசுல பதியணும்பார். அது எவ்ளோ சரின்னு பின்னாடி புரிஞ்சுது, புள்ளி எண்ணி கத்துக்கிட்டவங்க வேகம் கூடும்போது திணறுறத நெறைய பாத்துட்டேன்.

கீக்கு வருவோம். கான்டாக்ட் முனைக்கு நடுவுல இடைவெளி ஒரு தபால் அட்டை கனம் வெச்சா எனக்கு சரியா இருக்கு, ஸ்பிரிங் கொஞ்சம் லூசா. அப்பப்ப கான்டாக்ட் முனைக்கு நடுவுல வெள்ளப் பேப்பர சொருகி, லேசா அமுக்கி இழுத்தா கருப்பா அழுக்கு வரும், அவ்ளோதான் மெயின்டனன்ஸ். உப்புத்தாள் மட்டும் போடாதீங்க, நான் ஒருதடவ போட்டு முனையில கீறல் விழுந்து டிட் எல்லாம் விட்டு விட்டு போச்சு. நிமிஷத்துக்கு 15 வார்த்தை வரைக்கும் சொகமா தட்டலாம், 20க்கு மேல மணிக்கட்டு கெஞ்சும், வேகம் வேணும்னா பேடில் (பக்கவாட்டுல அமுக்கற கீ) வாங்கிடுங்க.

5 வாட்ல 40 மீட்டர் பேண்ட் (அலைவரிசை), பக்கத்துக்கு 10 மீட்டர் வயர்ல கட்டின டைபோல் ஆன்டெனா, இதுதான் என் செட்டப். குரலுக்கு அலைவரிசையில 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலம் வேணும், மோர்ஸுக்கு ஒரு 150 ஹெர்ட்ஸ் போதும், இருக்கற பவர் மொத்தமும் அந்தச் சின்ன இடத்துல குவியறதாலதான் பேச்சு மூழ்கிப்போற நாள்லயும் டிட் டா தனியா காதுல விழுது. 2003லயே மோர்ஸ் பரீட்சை கட்டாயம்ங்கற சர்வதேச விதிய எடுத்துட்டாங்க, 2017ல எஃப்டி8ங்கற டிஜிட்டல் முறை வந்தப்புறம் கம்ப்யூட்டரே கம்ப்யூட்டரோட பேசிக்குது. நானும் யூஸ் பண்றேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுல ஆளு தெரியாது. ஸ்ட்ரெய்ட் கீல கையெழுத்து மாதிரி ஒவ்வொருத்தருக்கும் ஒரு கைவாகு உண்டு, மாமா கடைசி டாவ மட்டும் கொஞ்சம் இழுப்பார், கால் சைன் (ஸ்டேஷனோட அடையாளப் பேர்) வர்றதுக்கு முன்னாடியே அவர்தான்னு சொல்லிடுவேன்.

இப்ப அவருக்கு 74. ஞாயித்துக்கிழமை காலையில இன்னும் ரேடியோல வர்றார், கை நடுங்குது, எழுத்துக்கு எழுத்து இடைவெளி நீண்டு போச்சு. பேசி முடிச்சதும் ரெண்டு டிட் தட்டி விடைபெறுறது வழக்கம், நான் தட்டிட்டு, அவரோட ரெண்டு டிட் வந்து சேர்ற வரைக்கும் ஹெட்ஃபோன கழட்டாம உக்காந்திருப்பேன்.