ஆக்சிஜன் முனைக்கு எது: பிளாட்டினமா, இரும்பு–நைட்ரஜன்–கார்பனா?

அமில வகை எரிபொருள் மின்கலத்தில், ஆக்சிஜன் வினைபுரியும் மின்முனைக்கு வினையூக்கியாக இன்றும் கார்பன் மேல் ஏற்றிய பிளாட்டினமே நம்பகமானது. சதுர சென்டிமீட்டருக்கு 0.4 மில்லிகிராம் பிளாட்டினம் போதும், படலம் மெல்லியது. இரும்பு–நைட்ரஜன்–கார்பன் (நைட்ரஜன் கலந்த கார்பனில் தனித்தனி இரும்பு அணுக்கள் பதிந்த வினையூக்கி) விலை மலிவு, ஆனால் 3–4 மில்லிகிராம் வேண்டும். தடித்த படலத்தில் நீர் தேங்கி ஆக்சிஜனை மறிக்கும்.

இரும்பு–நைட்ரஜன்–கார்பனின் சூட்சுமம் அதன் தயாரிப்பில். துத்தநாகமும் கரிமச் சேர்மமும் பின்னிய இசட்ஐஎஃப்-8 (ZIF-8) என்ற படிகத்தில் சிறிதளவு இரும்பு உப்பைச் சேர்த்து, ஆர்கானில் 900–1000 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். துத்தநாகம் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும். இரும்பு கூடினால் தனி அணுக்களாக நிற்காமல் துகள்களாகத் திரளும்; அமிலத்தில் கழுவி நீக்குங்கள். கசியும் இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து, மின்கலத்தின் இரு முனைகளையும் பிரிக்கும் சவ்வை அரிக்கும்.

காரக் கரைசலில் இந்தத் தொல்லை குறைவு. துத்தநாக–காற்று மின்கலத்துக்குத் தயங்காமல் இரும்பு–நைட்ரஜன்–கார்பனையே எடுக்கலாம். சோதனையில், மின்சுற்றை நிறைவு செய்யும் எதிர்முனையாகக் கிராஃபைட் தண்டையே வையுங்கள். பிளாட்டினக் கம்பி கரைந்து வினையூக்கியில் படிந்தால், கிடைக்கும் நல்ல முடிவு பொய்.